அயர்ன்பிரிட்ஜ் பாலம்: மேலே நடந்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், கீழே இறங்கிப் பாருங்கள்

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பக்கம் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கி அயர்ன்பிரிட்ஜ் ஊரைப் பார்த்துவிட்டு வாருங்கள். செவர்ன் ஆற்றின் குறுக்கே 1779இல் நிறுத்திய இரும்புப் பாலம் இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கிறது. வார்ப்பிரும்பில் கட்டிய பெரிய பாலம் என்றால் உலகத்திலேயே இதுதான் முதல். நுழைவுக் கட்டணம் கிடையாது, எந்த நேரத்திலும் நடந்து கடக்கலாம். வந்தவர்களில் பாதிப் பேர் மேலே ஏறி நடுவில் நின்று ஃபோட்டோ எடுத்துவிட்டு, ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோகும், இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றும். இந்தப் பாலத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் கீழேதான் இருக்கிறது.

கரையோரப் பாதையில் இறங்கி வளைவுக்கு அடியில் போய் நின்று நிமிர்ந்து பாருங்கள். ஐந்து பெரிய விலா எலும்புகள் மாதிரி இரும்பு வளைவுகள், 100 அடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தை ஒரே தாவலில் தாண்டுகின்றன. இப்போது இரும்பும் இரும்பும் சேருகிற இடங்களைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இரும்பில் பாலம் கட்டிப் பழகியவர் யாருமில்லை, அதனால் மரவேலையில் கையாண்ட முறையையே அப்படியே இரும்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு துண்டில் துளை, இன்னொன்றின் முனை அதற்குள் நுழையும், இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் புறா வால் போல விரிந்த முனையைப் பள்ளத்தில் பூட்டியிருக்கிறார்கள். மரச்சட்டம் செய்கிற தச்சர் யாரைக் கூட்டிவந்து காட்டினாலும் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார். சுமார் 1,700 துண்டுகள், மொத்தம் 378 டன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், ஒரே மாதிரி இருக்க வேண்டிய துண்டுகள்கூடக் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுவது கண்ணில் படும். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்குப் பொருந்துகிற மாதிரி தனித்தனியாக வார்த்திருக்கிறார்கள். அங்கங்கே விரிசலும், அதன் மேல் போட்ட இரும்புப் பட்டையும் தெரியும். எனக்கு அந்தப் பட்டைகள் மேல் தனி மரியாதை, இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இதைக் காப்பாற்றி வைத்த கைகளின் வேலை அது.

ஏன் இரும்பு, ஏன் ஒரே வளைவு என்பதற்கு ஆறுதான் காரணம். அன்றைய செவர்ன் ஒரு சரக்குப் பாதை. நிலக்கரி, இரும்பு, மண்பாண்டம் எல்லாம் பாய்மரப் படகுகளில்தான் போகும், நடு ஆற்றில் தூண் வைத்தால் அந்தப் போக்குவரத்து கெட்டுவிடும். இரண்டு கரையும் செங்குத்தான சரிவு. மக்கள் படகுத் துறைகளை நம்பித்தான் இருந்தார்கள், வெள்ளம் வந்தாலும் தண்ணீர் வற்றினாலும் அவதி. தாமஸ் பிரிட்சர்ட் என்ற கட்டடக் கலைஞர் 1773இல் இரும்புப் பாலம் என்ற யோசனையை முன்வைத்தார், 1776இல் பாலம் கட்ட அனுமதிக்கும் நாடாளுமன்றச் சட்டம் வந்தது, 1777 டிசம்பரில் பிரிட்சர்ட் இறந்துபோனார், தான் வரைந்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வேலையை முடித்தவர் மூன்றாம் ஆபிரகாம் டார்பி, அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. இவருடைய தாத்தாதான் 1709இல் பக்கத்திலுள்ள கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதிலாக, நிலக்கரியைச் சுட்டு எடுக்கிற கோக் கரியை வைத்து இரும்பு உருக்கிக் காட்டியவர். பேரன் பாலத்தைக் கட்டினார், கூடவே கடனாளியும் ஆனார். மதிப்பீடு 3,200 பவுண்டு, செலவு 6,000 பவுண்டைத் தொட்டிருக்கும் என்கிறார்கள். கூடுதல் செலவு இவர் தலையில் விழுந்தது. 1789இல், 38 வயதில் இறந்தார். பாலத்தைப் பாராட்டுகிறவர்கள் இவரை மறக்கக் கூடாது.

அந்த இரும்பு வளைவுகளை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்பது ரொம்ப நாளாகச் சரியாகத் தெரியாமலே இருந்தது. 1997இல் ஸ்டாக்ஹோமில் எலியாஸ் மார்ட்டின் என்ற ஸ்வீடன் ஓவியர் வரைந்த ஒரு சிறிய நீர்வண்ணப் படம் கிடைத்தது, கட்டிக்கொண்டிருக்கும்போதே வரைந்தது, ஆற்றில் மரத்தால் ஆன தூக்கு அமைப்பு அதில் தெரிகிறது. 2001இல் பாதி அளவில் ஒரு பாலத்தை அதே முறையில் கட்டிப் பார்த்தார்கள், நிறுத்த முடிந்தது.

தெற்குக் கரையில், பாலத்தைக் கடக்கிறவர்களிடம் காசு வாங்கிய சுங்க வீடு இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துவிட்டுப் போங்கள், ஆனால் கட்டணப் பலகை வெளியிலேயே இருக்கிறது, அதை நிதானமாகப் படியுங்கள். 1781 புத்தாண்டு நாளில் பாலம் திறந்தது. நடந்து போகிறவருக்கு அரை பென்னி, ஆறு குதிரை வண்டிக்கு இரண்டு ஷில்லிங், பன்றிக்கும் ஆட்டுக்கும்கூடத் தனிக் கட்டணம். பலகையின் கடைசியில், இது தனியார் சொத்து, ஆகவே சிப்பாய், அதிகாரி, தபால் வண்டி, அரச குடும்பம் எல்லோரும் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பாலத்துக்குப் பணம் போட்ட பங்குதாரர்களுக்குக் கொடுத்த வாக்கு அப்படி, அவர்களுக்கு வருமானம் வர வேண்டுமே! கார், லாரி போவது 1934இல் நின்றது, சுங்கம் மட்டும் 1950 வரை தொடர்ந்தது.

பாலம் வந்ததும் எல்லோர் கஷ்டமும் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றின் போக்கில் கொஞ்ச தூரம் கீழே கோல்போர்ட், அங்கே பீங்கான் ஆலையில் வேலை செய்தவர்கள் வீட்டுக்குப் போகப் படகைத்தான் நம்பியிருந்தார்கள். 1799 அக்டோபரில் ஒரு ராத்திரி படகு கவிழ்ந்து 28 பேர் மூழ்கிச் செத்தார்கள். பாலம் திறந்து பதினெட்டு வருஷம் கழித்து! அயர்ன்பிரிட்ஜைப் பற்றிப் பேசும்போது இந்த 28 பேரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பது என் எண்ணம். கோல்போர்ட் வரைக்கும் நடந்து போகலாம், போனால் இதை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள்.

1795 பிப்ரவரியில் பெரிய வெள்ளம். செவர்ன் மேல் இருந்த மற்ற பாலங்களெல்லாம் சேதமாயின அல்லது அடித்துக்கொண்டு போயின, இது அசையவில்லை, தண்ணீர் முட்டி நிற்கத் தூணே இல்லையே. அந்த வெள்ளத்தில் போன பில்ட்வாஸ் பாலத்துக்குப் பதிலாக தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற பொறியாளர் 1796இல் இரும்பில் கட்டினார், ஒரே தாவலில் 130 அடி, எடை 173 டன்தான். பதினேழே வருஷத்தில் பாதி எடையில் கூடுதல் தூரம்! டார்பி தேவைக்கு மேல் இரும்பைப் போட்டுவிட்டார் என்று அதை வைத்துச் சொல்வார்கள். முதல் ஆள் அப்படித்தான் போடுவார், போட வேண்டும்.

உண்மையான எதிரி தண்ணீர் இல்லை, மண். கரைகள் இரண்டும் மெல்ல உள்ளே சரிந்து பாலத்தை நெருக்குகின்றன. தெற்குப் பக்கத்துக் கல் கட்டுமானத்தை 1802இல் இடித்து மரத்தில் வைத்தார்கள், பிறகு 1821இல் இரும்பில். 1970களில் இரண்டு கரையும் நகராமல் இருக்க ஆற்றுக்கு அடியில் கான்கிரீட் தாங்கி போட்டார்கள், அது கண்ணுக்குத் தெரியாது. 2017, 2018இல் பாலத்தைப் பராமரிக்கிற இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு பெரிய பழுதுபார்ப்பு செய்தபோது பழைய பெயின்டைச் சோதித்துப் பார்த்து, சாம்பல் நிறத்தை விட்டுவிட்டு ஆரம்பத்தில் இருந்த கருஞ்சிவப்பை அடித்தார்கள். பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். எனக்கு இந்த நிறம்தான் பிடித்திருக்கிறது, பச்சைச் சரிவுக்கு நடுவே எடுப்பாகத் தெரிகிறது.

அப்புறம் நடைமுறை விஷயங்கள். ரயிலில் வந்தால் டெல்ஃபோர்ட் சென்ட்ரலில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஊர் முழுக்க ஏற்ற இறக்கம், முழங்கால் வலி உள்ளவர்கள் பாலத்தை ஒட்டியே சுற்றுங்கள். விடுமுறை நாளில் பார்க்கிங் சிரமம், தெற்குக் கரையில் பழைய ரயில் நிலையம் இருந்த இடம் இப்போது பார்க்கிங், முதலில் அங்கே முயன்று பாருங்கள். குளிர்காலத்தில் போவதானால் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், 2020 பிப்ரவரியில் கரையோரத் தடுப்புகளையே ஆறு நகர்த்திவிட்டது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஊருக்குள் கடைகள் இருக்கின்றன, சுமார்தான், விலை கூடுதல், கையில் கட்டிக்கொண்டு போனால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். பாலத்துக்கு ஐந்துக்கு ஐந்து.