கம்ப்ரஷன் போன நைட்ரோ மான்ஸ்டர் டிரக்: புது பிஸ்டன்-ஸ்லீவா, பெரிய எஞ்சினா, பிரஷ்லெஸ் மோட்டாரா?

ஆறியிருக்கும்போது கிளம்பிவிடுகிறது, சூடேறியதும் ஐடிலில் நின்றுபோகிறது, பிறகு புல் ஸ்டார்ட் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் பிடிப்பதில்லை. நைட்ரோ வண்டி, அதாவது நைட்ரோமெத்தேன் கலந்த மெத்தனாலில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் வண்டி, இப்படிச் செய்தால் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆறிய எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடிக்க வேண்டும். எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் பிஸ்டனும் அது ஏறி இறங்கும் ஸ்லீவும் தேய்ந்து, கம்ப்ரஷன் (உள்ளே கலவையை அழுத்தும் இறுக்கம்) போய்விட்டது. என் வண்டிக்கு நான் புது பிஸ்டன்-ஸ்லீவ் செட்டைத்தான் போட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஆர்.பி.எம். உடனே இறங்காமல் மேலேயே நின்று மெதுவாக இறங்கினால், பல நேரம் அது தேய்மானம் இல்லை, காற்றுக் கசிவு. கார்புரேட்டர் அடியிலுள்ள ஓ-ரிங், பேக்பிளேட் (எஞ்சினின் பின்மூடி) சீல், முன் பேரிங், டேங்க் மூடி ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, எரிபொருள் நிப்பிள் வழியாக ஊதி, எஞ்சினைத் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். சோதனை முடிந்த கையோடு காயவைத்து எண்ணெய் விட மறக்க வேண்டாம்.

பெரிய எஞ்சின் ஆசை எல்லோருக்கும் வரும். 2.5 சிசி இருந்த இடத்தில் 3.5 சிசியோ 4.6 சிசியோ உட்கார்ந்தால் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கும், சத்தமும் மாறும். அதில் வாதமே இல்லை. கேள்வி வேறு: அந்த ஒரு எஞ்சின் கூடவே எத்தனை பாகங்களை இழுத்துக்கொண்டு வருகிறது? மூன்று வழிகளில் எது என்பதை முடிவு செய்வது இந்த ஒன்றுதான்.

கிரேங்க்கேஸ் (எஞ்சினின் உடல்) அகலம் மாறுவதால் அது உட்காரும் மவுண்ட் மாறும். கிரேங்க் ஷாஃப்டின் நீளமும் மரையும் மாறுவதால் ஃப்ளைவீலும் கிளட்ச் நட்டும் மாறும். எக்ஸாஸ்ட் பக்கவாட்டில் இருந்து பின்னால் போனால் ஹெடரும் (எக்ஸாஸ்டையும் பைப்பையும் இணைக்கும் குழாய்) பைப்பும் மாறும், பைப் போகும் இடத்தில் இருப்பது டேங்கோ ரிசீவர் பெட்டியோ என்றால் அதுவும் நகரும். பழைய டேங்க் அப்படியே இருந்தால் ஓட்டும் நேரம் சுருங்கும். இவ்வளவும் எஞ்சினை உட்காரவைக்க மட்டும். ஓட ஆரம்பித்த பிறகுதான் இரண்டாவது செலவு. கூடுதல் முறுக்குவிசை முதலில் பிளாஸ்டிக் ஸ்பர் கியரின், அதாவது கிளட்ச் சுற்றும் பெரிய பல்சக்கரத்தின், பற்களை வழித்தெடுக்கும். சரி என்று ஸ்டீல் ஸ்பர் போட்டால் அடி அடுத்த கண்ணிக்குப் போகும்: டிரைவ் ஷாஃப்ட், பிறகு டிஃப்பின் (இருபக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல்) ரிங் கியரும் பினியனும். பிளாஸ்டிக் ஸ்பரை ஃபியூஸ் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றைப் பலப்படுத்தாமல் அதை மட்டும் இரும்பாக்குவது தவறான வரிசை. முதலில் டிஃப்பைத் திறந்து ஷிம் (மெல்லிய வாஷர்) வைத்து ரிங்-பினியன் இடைவெளியைச் சரிசெய்யுங்கள், அடுத்து டிரைவ் ஷாஃப்ட், ஸ்பர் கடைசி. பிறவியிலேயே பெரிய எஞ்சினோடு வந்த வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. எச்பிஐ சாவேஜ் எக்ஸ் 4.6 போன்றவை அந்த எஞ்சினைத் தாங்கும் பாகங்களோடுதான் வருகின்றன. சின்ன எஞ்சினுக்காகப் பிறந்த சேஸிஸில் ஏற்றும்போதுதான் சங்கிலி நீள்கிறது.

பிரஷ்லெஸ், அதாவது பேட்டரியில் ஓடும் மின் மோட்டார் மாற்றத்தில் என் கை குறைவாகவே பட்டிருக்கிறது, அதனால் சுருக்கமாக. எஞ்சின், டேங்க், பைப், ஆக்ஸிலேட்டர் செர்வோ எல்லாம் வெளியே போகும். மோட்டார் மவுண்ட், ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), இருபக்கமும் பேட்டரித் தட்டு உள்ளே வரும். இரண்டு கியர் உள்ள பெட்டியை ஒரே கியரில் பூட்டிவிட வேண்டும், ரிவர்ஸை ஈ.எஸ்.சி.யே பார்த்துக்கொள்ளும். பராமரிப்பு பெருமளவு குறையும், உண்மைதான். ஆனால் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தருவதால், பெரிய எஞ்சினுக்குச் சொன்ன டிஃப், டிரைவ் ஷாஃப்ட் கதை இங்கேயும் உண்டு. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழு சார்ஜிலோ காலியாகவோ போட்டுவைக்கக் கூடாது, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். புகையும் சத்தமும் வேண்டாம் என்பவர்களுக்கு இதுவே நேர்வழி. அவை வேண்டும் என்பதற்காகத்தானே பலரும் நைட்ரோ வாங்குகிறோம்.

இனி பிஸ்டன்-ஸ்லீவ். மாறுவது மூன்றே பாகம்: பிஸ்டன், ஸ்லீவ், கனெக்டிங் ராட். கிளட்ச், பைப், மவுண்ட், டிஃப் எதையும் தொட வேண்டியதில்லை. பழைய ராடை வைத்துக்கொண்டு பிஸ்டனையும் ஸ்லீவையும் மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடிக்காதீர்கள். புது ஸ்லீவின் இறுக்கத்தில் அதிகம் அடிவாங்குவது ராட்தான். புஷ் (ராட் துளையிலுள்ள உலோக வளையம்) தேய்ந்த ராட் உடைந்தால் புது பிஸ்டனையும் ஸ்லீவையும் கூடவே கொண்டுபோய்விடும்.

திறப்பதற்கு முன் எஞ்சின் வெளிப்புறத்தை பிரஷ் போட்டுச் சுத்தமாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் மண் நேராக உள்ளே விழும். ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகத் தளர்த்துங்கள். ஹெட்டுக்கு அடியில் எத்தனை ஷிம் இருந்தது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பேக்பிளேட். ஸ்லீவ் பெரும்பாலும் கையோடு வராது. ஹாட் ஏர் கன்னால் கிரேங்க்கேஸைச் சூடாக்கி, பிஸ்டனைக் கீழே இறக்கி, எக்ஸாஸ்ட் துளை வழியாக ஒரு நைலான் கேபிள் டையின் நுனியை உள்ளே விட்டு, ஃப்ளைவீலைச் சுற்றுங்கள். பிஸ்டன் ஏறும்போது டையோடு சேர்த்து ஸ்லீவையும் மேலே தள்ளிவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் துளை விளிம்பு மட்டுமல்ல, கேஸும் கீறும்.

ராட் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். பிஸ்டன் பின் கிளிப்பைப் பழையதாகப் போடாதீர்கள். புதுக் கிளிப்பின் திறந்த வாய் மேலேயோ கீழேயோ பார்த்தபடி இருக்கட்டும். திறந்தது திறந்தாகிவிட்டது, கிரேங்க் பேரிங்குகளையும் சுற்றிப் பாருங்கள். மணல் அரைப்பதுபோல் தட்டினால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. புது ஸ்லீவின் மேல்விளிம்பில் உள்ள வெட்டு, கேஸில் உள்ள சின்ன முள்ளில் சரியாக உட்கார வேண்டும். கேஸ் சூடாக இருந்தால் ஸ்லீவ் கைவிரல் அழுத்தத்திலேயே இறங்கும், சுத்தியலுக்கு வேலையே இல்லை. ஹெட்டை மூடும்போது குறுக்குவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாக.

புது செட்டைப் பாழாக்குவது பெரும்பாலும் முதல் அரைமணி நேரம்தான். இந்த எஞ்சினில் பிஸ்டன் அலுமினியம், ஸ்லீவ் குரோம் பூசிய பித்தளை, மேல்பக்கம் குறுகியது. சூடேறினால் பித்தளை கூடுதலாக விரிந்து பிஸ்டனுக்கு இடம் கொடுக்கும். ஆறிய நிலையில் இழுத்தால் இரண்டும் உரசிக்கொள்ளும், புல் ஸ்டார்ட் கயிறும் அறும். அதனால் ஹேர் டிரையரால் ஹெட்டை 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிவிட்டே கிளப்புங்கள். எரிபொருள் கலவை ரிச்சாக (எரிபொருள் தூக்கலாக) இருக்கட்டும், ஆனால் எஞ்சின் சில்லென்று ஓடும் அளவுக்கு அல்ல. ஹெட் 100 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும், தேவைப்பட்டால் ஹெட்டைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டுங்கள். நான்கு முதல் ஆறு டேங்க் வரை இப்படி, ஒவ்வொரு டேங்குக்கும் கொஞ்சம் லீன் (எரிபொருளைக் குறைத்து) செய்துகொண்டே போகலாம். கார்புரேட்டரில் எரிபொருள் அளவை மாற்றும் நீடிலை ஒரு முறைக்கு ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் திருப்ப வேண்டாம். ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் பிஸ்டனைக் கீழே நிறுத்திவிட்டு முழுதாக ஆறவிடுங்கள், மேலே நின்றால் ஆறும் ஸ்லீவ் அதை இறுக்கிக்கொள்ளும். பிஸ்டன் கீழே நிற்கும் நிலைக்கு ஃப்ளைவீலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் வேலை மிச்சம்.

புது செட் பழகிய பிறகு ஹெட் 105 முதல் 125 டிகிரிக்குள் இருந்தால் போதும். இதில் எரிபொருளோடுதான் மசகு எண்ணெயும் வருகிறது. வேகத்துக்காக லீன் செய்தால் எண்ணெயையும் சேர்த்துக் குறைக்கிறீர்கள். முழு வேகத்தில் போகும்போது பைப்பில் மெல்லிய புகைக்கோடு தெரியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

இந்த வழியின் பலவீனம் ஏர் ஃபில்டர். பழைய செட்டைத் தின்றது பெரும்பாலும் தூசிதான், காரணத்தைச் சரிசெய்யாமல் பாகத்தை மாற்றினால் இதுவும் அதே கதிக்குப் போகும். இரட்டை அடுக்கு ஃபோம் போடுங்கள், ஃபில்டர் எண்ணெயைப் பிசைந்து முழுதும் ஊறவிடுங்கள், ரப்பர் கழுத்தை கேபிள் டையால் கட்டுங்கள். அந்தக் கழுத்து மடியும் இடத்தில் விடும் விரிசல் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, வளைத்துப் பார்க்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றும்போது கார்புரேட்டர் வாயில் விரல் வைத்துத் துடைத்துப் பாருங்கள். நறநறவென்று ஏதாவது பட்டால் தூசி ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலிசெய்து, மிச்ச எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு, ஆஃப்டர் ரன் எண்ணெயை பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு விட்டுச் சுற்றிவைக்க வேண்டும். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், பேரிங் துருப்பிடிக்க அதுவே போதும்.

ராட் உடைந்து கிரேங்க்கேஸ் கீறியிருந்தாலோ, கிரேங்க் பின்னில் (ராட் மாட்டும் முள்) நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தாலோ செட் போடுவது வீண். உங்கள் எஞ்சினுக்கான செட் இப்போதும் கிடைக்கிறதா என்பதையும் திறப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் முழு எஞ்சின்தான், ஆனால் அளவை மாற்றாதீர்கள். அதே மவுண்ட் துளை, அதே ஷாஃப்ட் வகை, அதே பக்கத்தில் எக்ஸாஸ்ட் என்று பார்த்து வாங்கினால் பழைய ஃப்ளைவீல், கிளட்ச், பைப் எல்லாம் அப்படியே ஏறிவிடும். கிளட்ச் பெல்லுக்கும் ஸ்பருக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை விட்டு, அது கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்து வெளிவரும்படி மெஷ்ஷை (பற்கள் கோக்கும் இடைவெளியை) வைத்தால் முடிந்தது.