பூனைப் பை நல்லது, சிப் (zip) மோசம்

திருகோணமலை டவுனில் வாங்கிய துணிப் பை இது. கேபினில் பூனையை அனுமதிக்கும் விமானத்தில் போவதற்காக எடுத்தது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் சோதனைக்குப் பை மட்டும்தான் எக்ஸ்ரே பெல்டில் போகவேண்டும், பூனையை ஒருபோதும் அதில் விடக்கூடாது, வெளியே எடுத்து நெஞ்சோடு அணைத்தபடி மெட்டல் டிடெக்டர் வாசலால் நாம் நடக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து சிப் ஓரத்துணியைக் கவ்விக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது, பின்னால் வரிசை முழுக்கப் பெருமூச்சு, உள்ளே இவள் வலையில் நகத்தை மாட்டிக்கொண்டு கத்துகிறாள். "தங்கச்சி, இது ஜெர்மன் சிப்" என்று சொல்லித்தான் விற்றார்கள்!

மற்றபடி குறையில்லை. மூன்று பக்கமும் வலை, கந்தளாய் வெயிலிலும் காற்று வந்தது. பூனை எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடமிருக்கிறது, விமானக் கம்பனிகள் கேட்பதும் அதைத்தான். அடித்தட்டைக் கழற்றிக் கழுவலாம்.

வாங்குவதென்றால் கடையிலேயே சிப்பை நாலைந்து தடவை இழுத்துப் பாருங்கள். அப்புறம், பூனைக்கு மாட்டும் உடம்புப் பட்டி தனியாக வாங்கவேண்டும். பிளாஸ்டிக் கொக்கி உள்ளதாக எடுங்கள், இரும்பு வளையம் டிடெக்டரில் சத்தம் போடும். பட்டி இல்லாமல் அந்த இரைச்சலுக்குள் பூனையைக் கையில் எடுப்பது வேண்டாத வேலை.

ஐந்துக்கு மூன்று.