ஓசூர் கம்பெனி வேலை: கான்ட்ராக்டா, எஃப்.டி.இ.யா, அப்ரண்டிஸா?

ஓசூர் சிப்காட்டிலோ போச்சம்பள்ளியிலோ பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டால் கிருஷ்ணகிரிப் பக்கம் முதலில் விசாரிப்பது சம்பளத்தை, அடுத்து கம்பெனி பெயரை. யாருடைய ரோலில், அதாவது யாருடைய ஊழியர் பட்டியலில், எடுக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ஒரே லைனில், ஒரே ஷிப்டில், ஒரே வேலையைச் செய்யும் நான்கு பேர் சட்டத்தின் கணக்கில் நான்கு வகையாக இருக்கலாம்: நிரந்தரம், கான்ட்ராக்ட், எஃப்.டி.இ. (குறித்த கால வேலை), அப்ரண்டிஸ்.

நிரந்தரம் கிடைத்தால் யோசிக்க ஒன்றுமில்லை, போய்ச் சேர்ந்துவிடலாம். இன்று வாசலிலேயே அதைக் கொடுக்கிற கம்பெனி அபூர்வம் என்பதால் மற்றவற்றைப் பார்ப்போம்.

கான்ட்ராக்டில் முதலாளி ஒப்பந்ததாரர். சூப்பர்வைசர் கம்பெனிக்காரர், மெஷின் கம்பெனியுடையது, சம்பளச் சீட்டின் தலைப்பில் மட்டும் யாரோ ஒரு ஏஜென்சியின் பெயர். சம்பளம் பாக்கி வைத்தால் கம்பெனியே கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சிக்கல் வேறு இடத்தில். சீட்டில் பி.எஃப். 12 சதவீதம் பிடித்ததாக இருக்கும். அரசின் உமாங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் அந்த மாதம் காலியாக இருக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை ஏஜென்சி மாறும், ஆள் அதே இடத்தில் நிற்பார், சர்வீஸ் மட்டும் காகிதத்தில் புதிதாகத் தொடங்கும். ஐந்து வருடம் முடிந்தால் வரவேண்டிய கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை இப்படித்தான் கரைகிறது.

எஃப்.டி.இ. என்கிற குறித்த கால வேலையில் ஏஜென்சி கிடையாது, நேரடியாகக் கம்பெனி ரோல். அதே வேலை பார்க்கும் நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள சம்பளமும் சலுகையும் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டிக்குத் தகுதி. குறை ஒன்றுதான்: தேதி முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினால் அது ஆட்குறைப்பு ஆகாது, அதற்கான இழப்பீடும் கிடையாது. இருந்தாலும் கான்ட்ராக்டில் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

தமிழ்நாட்டுக்கென்று 1981-இல் போட்ட சட்டம் ஒன்று உண்டு. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. இதற்குப் பயந்துதான் சில இடங்களில் ராஜினாமா எழுதி வாங்கி, ஒரு வாரம் கழித்து மறுபடி சேர்க்கிறார்கள். உடம்புக்கு முடியாமல் போட்ட லீவும், தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்ற நாளும் சர்வீஸை முறிக்காது. ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ராஜினாமாவை அப்புறம் எதிர்த்து வாதாடுவது பெரும்பாடு. கான்ட்ராக்ட் ஆட்களோ, அந்த ஒப்பந்தமே கண்துடைப்பு என்று முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அப்ரண்டிஸ் கதை தனி. 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. உதவித்தொகைதான், பி.எஃப். கிடையாது, வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமில்லை. படித்து முடித்த கையோடு ஒரு வருடம் இப்படிப் போவதில் தப்பில்லை, சான்றிதழ் கிடைக்கும். தப்பு, அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவே செய்யாமல் 'டிரெய்னி' என்று பேட்ஜ் மாட்டி முழு ஷிப்ட் உற்பத்தி வாங்குவது. அதில் பயிற்சியும் இல்லை, தொழிலாளிக்கான உரிமையும் கைக்கு வராது. இருப்பதிலேயே மோசம் இதுதான்.

மாங்கூழ் ஆலைக்கு சீசனில் போகிற பெண்கள் இந்த நான்கிலும் சரியாக அடங்க மாட்டார்கள். பெங்களூரா மாங்காய் வரத்து நின்றால் வேலையும் நிற்கும். சீசன் நிறுவனங்களில் கிராஜுவிட்டி வருடத்துக்கு 15 நாள் கூலி என்று இல்லை, சீசனுக்கு 7 நாள் கூலி. அதைக் கேட்பதற்கும் ஒவ்வொரு சீசனும் வேலைக்கு வந்த பதிவு ஆலையில் இருந்தாக வேண்டும்; மேஸ்திரியின் நோட்டில் மட்டும் பெயர் இருந்தால் போதாது.