எம்எக்ஸ்-5: எந்தத் தலைமுறையை எடுப்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி மகன் லண்டன் க்ராய்டனிலிருந்து கூப்பிட்டான். "அண்ணா, ஒரு எம்எக்ஸ்-5 எடுக்கலாம்னு இருக்கேன். பழசா எடுக்கட்டுமா, புதுசா எடுக்கட்டுமா?" ஒரு வரிக் கேள்விதான். ஆனால் ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் முக்கால்வாசி துருவைப் பற்றி. போனை வைத்த பிறகு, இதையெல்லாம் எழுதி வைத்தால் இங்கிலாந்தில் இதே வண்டியைத் தேடிக்கொண்டிருக்கும் வேறு சிலருக்கும் பயன்படுமே என்று தோன்றியது.

எம்எக்ஸ்-5 ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் செய்யும் கார். இந்தியாவில் அவர்கள் இதை விற்றதில்லை. அதனால் பெயர் கேட்டதும் நம்மில் பலருக்குக் கண்முன் வராது. இரண்டே சீட். என்ஜின் முன்னால், ஓட்டம் பின் சக்கரங்களுக்கு. கூரையை மடக்கிவிடலாம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். அமெரிக்காவில் மியாட்டா என்றும், ஜப்பானில் அப்போது யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்றார்கள். லோட்டஸ் எலான் மாதிரியான 1960களின் பிரிட்டிஷ் வண்டிகள் தந்த சந்தோஷத்தை, அவை தந்த தொல்லைகள் இல்லாமல் தர வேண்டும் என்பதுதான் திட்டம். வடிவமைத்தவர்கள் இதற்கு 'ஜின்பா இத்தாய்' என்று பெயர் சொன்னார்கள். குதிரையும் அதில் ஏறியவனும் ஓர் உடலாவது என்று அர்த்தம். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. கூரை மடக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான். அதனால் செகண்ட் ஹேண்டில் வேண்டிய அளவு கிடைக்கும். எதை எடுப்பது என்பதுதான் குழப்பம்.

நான்கு தலைமுறைகள். முதலாவது என்ஏ, 1989 முதல் 1997 வரை. அடுத்தது என்பி, 1998 முதல் 2005 வரை. பிறகு என்சி, 2005 முதல் 2015 வரை. அதற்கப்புறம் வந்தது என்டி. இங்கே மார்க் 1, மார்க் 2 என்று எண் போட்டும் சொல்வார்கள்.

என்ஏவை ஓட்டியவர்களுக்கு அதை விட்டு மனசு வராது. ஒரு நண்பருடைய 1.6 லிட்டர் வண்டியை ஒரு சாயங்காலம் கெண்ட் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். கதவைத் திறக்க, ஒரு விரல் மட்டும் நுழைகிற சின்ன குரோம் பிடி. கியர் மாற்ற மணிக்கட்டை அசைத்தால் போதும். இருட்டத் தொடங்கியதும் விளக்கு சுவிட்சைப் போட்டேன். பானட்டிலிருந்து இரண்டு மூடிகள் எழுந்து நின்றன. ஓட்டுகிறவர் சீட்டிலிருந்தே அவை தெரியும். வீடு வந்து சேரும்வரை அந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டியின் எடை 950 கிலோ சுற்றித்தான். என்ஜின் சக்தி 115 குதிரை. இன்றைய குடும்பக் கார்கள் பலவற்றில் இதைவிட அதிகம் உண்டு. ஆனால் 40 மைல் வேகத்திலேயே உடம்பு முழுக்க விழித்துக்கொள்கிற வண்டி இது.

அதனாலேயே என்ஏவை எடுக்கும்போது கண் மங்கிவிடக் கூடாது. 1995க்குப் பிறகு இங்கே விற்ற 1.6 வண்டிகளில் சக்தியை 90 குதிரைக்குக் குறைத்துவிட்டார்கள். 1.8 லிட்டர் என்ஜின் வந்தது 1993இல். மிகவும் ஆரம்ப 1.6 என்ஜின்களில் கிராங்க் தண்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) முனை குட்டை. அந்த முனையில் மாட்டியிருக்கும் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், கழன்று ஆடி தண்டையே கெடுத்துவிடும் ஆபத்து உண்டு. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து, முன்னால் கீழே தெரியும் கிராங்க் புல்லியில் எத்தனை வெட்டுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். நான்கு என்றால் குட்டை முனை, எட்டு என்றால் கவலை இல்லை. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒருவேளை அறுந்தாலும் இந்த 1.6இல் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை. வண்டி நின்றுபோகும், என்ஜின் பிழைத்துவிடும்.

ஜப்பானிலிருந்து பிறகு இறக்குமதியான யூனோஸ் வண்டிகளும் இங்கே நிறைய ஓடுகின்றன. ஏசி, வழுக்கலைக் குறைக்கும் டிஃபரன்ஷியல் எல்லாம் அவற்றில் அதிகம் கிடைக்கும். 'இறக்குமதி வண்டி, அதனால் துரு இல்லை' என்று விற்பவர் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். வந்து இறங்கி இருபது வருஷமாக இங்கே உப்பு ரோட்டில் ஓடியிருந்தால், எங்கே பிறந்தது என்பதற்கு மதிப்பே இல்லை.

உப்புதான் இந்த வண்டிகளுக்கு எமன். குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமலிருக்க இங்கே உப்புத் தூவுகிறார்கள். சக்கரங்கள் அதை அள்ளி அடிப்பாகம் முழுக்கப் பூசிவிடும். அதோடு இந்த வண்டிக்கே உரிய இன்னொன்றும் சேர்கிறது. சீட்டுக்குப் பின்னால், கூரை மடங்கி உட்காரும் பள்ளத்தின் இரண்டு மூலைகளிலும் ஆளுக்கொரு வடிகால் துளை இருக்கிறது. கூரையில் விழும் மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் கொட்ட வேண்டும். மரத்தடியில் நிறுத்திய வண்டி என்றால் இலைச் சருகும் தூசியும் சேர்ந்து துளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பெட்டிக்குள் போய்த் தேங்கும். அங்கிருந்து துரு உள்ளேயிருந்து வெளியே வரும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம் கண்ணில் பட்டால், உள்ளே ஏற்கெனவே அரித்து முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்க்கப்போகும் எம்எக்ஸ்-5 எதுவானாலும் ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டுபோவேன். வண்டிக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒவ்வொரு துளையிலும் மெதுவாக அரை பாட்டில் ஊற்றுவேன். பிறகு குனிந்து பார்ப்பேன். அந்தந்தப் பக்கம் தரையில் தண்ணீர் வந்தால் நல்ல வண்டி. வராவிட்டால், அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று யோசிக்க வேண்டும்.

என்பிக்கு வருவோம். எழுந்து நிற்கும் விளக்கு போய்விட்டது. அதனாலேயே பலருக்கு இது மனசில் ஒட்டுவதில்லை. ஓட்டிப் பார்த்தால் என்ஏவின் அதே குணம், கொஞ்சம் கட்டுக்கோப்பாக. கூரையின் பின் சன்னல் பிளாஸ்டிக்கிலிருந்து கண்ணாடிக்கு மாறி, சூடேற்றும் கம்பியும் வந்துவிட்டது. மார்கழிக் குளிரில் இங்கே ஓட்டுபவருக்கு அதன் அருமை தெரியும். 1.8 என்ஜினில் 140 குதிரை. 2001 மாற்றத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் கூடியது. விலையிலும் சல்லிசு.

ஆனால் அந்தச் சல்லிசுக்கு ஒரு காரணம் உண்டு. என்பியின் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், முன் தண்டுகள் பம்பருக்குப் பின்னால் இரண்டு அடுக்குத் தகடாக இருக்கின்றன. அந்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஈரமும் மண்ணும் தங்கி அரிக்கும். மோதினால் நம்மைக் காப்பாற்ற வேண்டிய இடம் அது. கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு மறைத்திருப்பதால் குனிந்து பார்த்தாலும் தெரியாது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்க இங்கே வருஷா வருஷம் நடக்கும் எம்ஓடி சோதனையில் சோதிப்பவர் எதையும் கழற்றக் கூடாது என்பது விதி. ஆக, போன வாரம் எம்ஓடி பாஸான என்பியிலும் அந்தத் தண்டு ஓட்டையாக இருக்கலாம். தட்டைக் கழற்றி எடுத்த படம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் லிஃப்ட்டில் ஏற்றி, கழற்றிப் பார்க்க ஒரு மெக்கானிக்குக் காசு கொடுங்கள். வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம்தான். ஆனால் அந்தச் செலவு சில சமயம் வண்டியின் விலையையே தொட்டுவிடும். துருவில்லாத என்பி கிடைத்தால், கொடுக்கும் காசுக்கு இதைவிடச் சந்தோஷம் தரும் வண்டி வேறு இல்லை. அப்படி ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு.

என்சி. இதைப் பற்றித்தான் தம்பியிடம் அதிக நேரம் வாதாடினேன். எம்எக்ஸ்-5 பிரியர்களில் பாதிப் பேர் இதைப் பெரிசு, கனம், மெத்தென்று போகிறது என்று ஒதுக்குவார்கள். முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எடை 1100 கிலோவைத் தொட்டது. ஆரம்ப வண்டிகள் உயரமாக நின்று, வளைவில் சாய்ந்தன. ஆனால் அந்தக் குறையில் பெரும்பகுதி ஸ்பிரிங்கிலும் சக்கரக் கோணத்திலும் இருக்கிறது. நல்ல அலைன்மென்ட் செய்துவிட்டால் அது வேறு வண்டி. அங்கேயும் ஒன்று கவனிக்க வேண்டும். கோணத்தைச் சரிசெய்யும் போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போயிருந்தால் வேலை நீண்டுவிடும்.

மற்றதெல்லாம் இதன் பக்கம்தான். 2.0 என்ஜினில் 160 குதிரை. பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின், அதனால் மாற்ற வேண்டிய கெடு கிடையாது. ஸ்டீயரிங்கில் ஹைட்ராலிக் பவர். எம்எக்ஸ்-5இல் அதுவே கடைசி, என்டியில் மின்மோட்டார் வந்துவிட்டது. உயரமானவர்களுக்கும் உட்கார இடம் இருக்கிறது. 2006இல் தானாக மடியும் கெட்டிக் கூரையும் வந்தது. 12 விநாடியில் மடிந்துவிடும், டிக்கி இடத்தைக் கொஞ்சமும் எடுத்துக்கொள்ளாது, எடை மட்டும் கிட்டத்தட்ட 40 கிலோ கூடும். தெருவில் நிறுத்துபவருக்குத் துணிக்கூரையைக் கத்தியால் கிழித்துவிடுவார்களோ என்ற பயம் போய்விடும்.

என்சியிலேயே எது என்று கேட்டால் 2009 மாற்றத்துக்குப் பிந்தைய 2.0தான் என் விருப்பம். உலோகத்தை அடித்து உருவாக்கிய, இன்னும் உறுதியான கிராங்க் தண்டைப் போட்டார்கள். என்ஜினின் சுழற்சி எல்லை நிமிடத்துக்கு 7000இலிருந்து 7500க்குப் போனது. அந்தக் கடைசி 500இல்தான் இந்த என்ஜின் பாடும். ஆரம்ப என்சி என்ஜின்கள் எண்ணெய் குடிக்கும் என்று பெயரெடுத்தவை. எச்சரிக்கை விளக்கை நம்பி இருந்தவர்களில் சிலர் என்ஜினையே இழந்திருக்கிறார்கள். பார்க்கப் போகும்போது முதல் வேலையாக எண்ணெய் அளவு காட்டும் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் அந்த வண்டியை அவர் எப்படி வைத்திருந்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

என்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது நல்ல வண்டி. 2015இல் மாஸ்டா எடையை மறுபடி 1000 கிலோ பக்கம் இறக்கியது. நீளம் 3915 மில்லிமீட்டர், என்ஏவைவிடவும் குட்டை. 1.5 லிட்டர் என்ஜினில் 131 குதிரைதான், ஆனால் 7500 வரை ஆசையாக ஓடும். ஊர் ரோடுகளுக்கு எனக்கு அது 2.0ஐவிடப் பிடிக்கும். ஆரம்ப 2.0 வண்டிகளில் கியர்பாக்ஸ் உடைந்த புகார்கள் வந்து, உள்பாகங்களை மாஸ்டா சில முறை திருத்தியது. 2018 திருத்தத்தில் 2.0இன் சக்தி 184 குதிரைக்கு ஏறியது. ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தவும் முதல்முறையாக வழி வந்தது. காசு இருந்தால், தினமும் ஓட்டுவதாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு 2018க்குப் பிந்தைய என்டி எடுக்கலாம். தம்பியிடம் அந்தக் காசு இல்லை.

அப்புறம் லண்டன்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். யூலெஸ் எனும் புகைக் கட்டணம் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (நகரின் நிர்வாகப் பகுதிகள்) வந்துவிட்டது. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், க்ராய்டன் என்று நம் ஆட்கள் அதிகம் இருக்கும் இடமெல்லாம் உள்ளே. பெட்ரோல் வண்டி யூரோ 4 எனும் புகைத் தரத்தில் இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போனால் 62.50. என்சிக்கும் என்டிக்கும் இந்தக் கவலை இல்லை. என்ஏ பெரும்பாலும் மாட்டும். என்பியில் சில தப்பும், சில மாட்டும். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் உடனே சொல்லிவிடும். அதே எண்ணை அரசாங்கத்தின் எம்ஓடி வரலாற்றுப் பக்கத்திலும் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். பழைய சோதனைகளில் 'அரிப்பு' என்று எழுதியிருந்து, அடுத்த வருஷம் அந்த வரி காணாமல் போயிருந்தால், வெல்டிங் நடந்ததா, இல்லை மேலே கறுப்புப் பூச்சு அடித்து மறைத்தார்களா என்று கேளுங்கள். வெல்டிங் நடந்திருந்தால் பில் இருக்கும்.

இவ்வளவும் பேசிய பிறகு தம்பி, "அப்போ என்ஏவை விட்டுடவா?" என்றான். குரலில் ஏக்கம் இருந்தது. அவனுக்கு அந்த எழுந்து நிற்கும் விளக்குதான் ஆசை. எனக்கும்தான். கராஜ் இருந்து, வீட்டில் வேறு வண்டியும் இருந்து, வெயில் நாளில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் என்ஏவைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். நல்ல என்ஏவின் விலை ஏறிக்கொண்டுதான் போகிறது. ஜப்பானில் மாஸ்டாவே அதற்குப் புதுப்பிக்கும் சேவை தொடங்கி, துணிக்கூரை முதல் ஸ்டீயரிங் வரை மறுபடி செய்து தருகிறது. ஆனால் இவனுக்கு இது ஒன்றே வண்டி, தெருவில்தான் நிற்கும், தினமும் வேலைக்குப் போக வேண்டும். அதனால் 2009க்குப் பிந்தைய என்சி 2.0, முடிந்தால் கெட்டிக் கூரை என்று சொன்னேன். அரை மனசோடு சரி என்றான்.

நேற்று சாயங்காலம் ஒரு படம் அனுப்பினான். 2010 என்சி, சிவப்பு, சர்ரேயில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில். படத்தில் வண்டியே பாதிதான் தெரிந்தது. பின் சக்கரத்துக்கு முன்னால், காய்ந்த தரையில் ஈரமாக ஒரு கோடு. கீழே எழுதியிருந்தான்: "ரெண்டு பக்கமும் வந்துடுச்சு அண்ணா."