பத்து சனிக்கிழமை, முப்பது வெள்ளி: கட்டளை வகுப்புக்குப் போகலாமா?

சிங்கப்பூரில் எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் பைபிளின் பத்துக் கட்டளைகளைப் பற்றித் தமிழில் பத்து வார வகுப்பு நடத்தினார்கள். சனிக்கிழமை மாலை 5 மணி, கட்டணம் 30 வெள்ளி (டாலர்), தேநீரும் வடையும் உள்பட. அறிவிப்பில் ‘அன்றாட வாழ்க்கைக்கு’ என்று போட்டிருந்ததால்தான் பணம் கட்டினேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்ததை இந்த வயதில் மறுபடி ஒப்பிக்க எனக்கு ஆசை இல்லை.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஏசி குளிர் தாங்காது, சால்வை இல்லாமல் போகாதீர்கள். நகலெடுத்துக் கொடுத்த தாளில் எழுத்து எறும்பு மாதிரி. முதல் நாளே ஒரு குழப்பம் வேறு. ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்துக்குப் போகும் தோழியையும் கூட்டிப்போயிருந்தேன். ஆசிரியர் ‘நாலாம் கட்டளை’ என்று ஓய்வுநாளைச் சொன்னால், இவள் தாய் தந்தையரை மதிப்பதற்குப் போய் நிற்கிறாள். கத்தோலிக்கர் கணக்கில் ஓய்வுநாள் மூன்றாவது. விக்கிரகத்தை முதல் கட்டளையோடு சேர்த்துவிட்டு, கடைசியில் பிறர் மனைவி, பிறர் உடைமை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். தாளில் ஒரு வரி அச்சடித்திருந்தால் தீர்ந்திருக்கும். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம்.

முதல் மூன்று வாரம் சுமார். கைபேசிதான் இன்றைய விக்கிரகம் என்று எல்லா இடத்திலும் கேட்டதையே இங்கேயும் கேட்டோம். களவு செய்யாதே வாரம் பரவாயில்லை. அலுவலக அச்சுப்பொறியில் பிள்ளையின் பள்ளிப் பாடத்தை அச்சடித்தவர்கள் யார் என்று கேட்டபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. பொய்ச்சாட்சியை வாட்ஸ்அப்பில் வந்ததை விசாரிக்காமல் தள்ளிவிடும் பழக்கத்தோடு சேர்த்துச் சொன்னதும் எனக்குப் பிடித்தது. பிறன் பொருளுக்கு ஆசைப்படுவதைப் பற்றிப் பேசிய அன்று பாதிப் பேர் காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) விலை பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

கொடுத்த காசுக்கு ஈடு நாலாவது வாரம்தான், ஓய்வுநாள் கட்டளை. ஆசிரியர் பைபிளில் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தையும் உபாகமம் 5ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னார். ஒரே கட்டளை, காரணம் மட்டும் வேறு. முதலாவதில் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது. இரண்டாவதில் எகிப்திலே நீ அடிமையாயிருந்தாய் என்பது. அதற்கு முந்தின வரியில், நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும் என்று இருக்கிறது. வாசித்து முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “உங்க வீட்ல ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்திரம் கழுவுறது யாரு?”

எங்கள் வீட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பணிப்பெண் ஒருவர் மூன்று வருடமாக இருக்கிறார். ஆராதனை முடிந்து நாங்கள் நாலு பேரைச் சாப்பாட்டுக்கு அழைத்துவருவோம். பிரியாணி அண்டா அவர் தலையில். சட்டத்தை மீறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2013லிருந்து பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு ஓய்வுநாள் உண்டு. அவர்கள் சம்மதித்தால் அன்று வேலை செய்யலாம், ஒரு நாள் சம்பளத்துக்குக் குறையாமல் ஈட்டுப் பணம் தரவேண்டும். 2023லிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது காசாக மாற்றவே கூடாது. நாங்கள் அந்த ஒரு நாளை விட்டுவிட்டு, மீதி மூன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். மனிதவள அமைச்சுக்கு அது சரி. உபாகமத்துக்குச் சரியா என்று நான் யோசித்ததே இல்லை.

அன்று இரவே அவரிடம் சொன்னேன்: “இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் முழு நாள் லீவு எடுத்துக்கம்மா.”

அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “சம்பளத்துல கொறையுமாக்கா?”

குறையும். மாதச் சம்பளம் 650 வெள்ளியை 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 25. மூன்று ஞாயிற்றுக்கு ஈட்டுப் பணம் 75. அதை மகளின் நர்சிங் படிப்புக்கு மாதா மாதம் ஒதுக்கி வைக்கிறார் என்று அப்போதுதான் தெரியவந்தது. நான் புண்ணியம் தேடிக்கொள்ள, அந்தப் பிள்ளையின் ஃபீஸில் அல்லவா கை வைக்கப் பார்த்தேன்!

இதை அடுத்த வாரம் வகுப்பில் எழுப்பினேன். அங்கேதான் ஏமாற்றம். “ஜெபித்து முடிவெடுங்கள்” என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த கட்டளைக்குத் தாவிவிட்டார். பணம் என்று வந்தால் இந்த வகுப்பு நழுவிவிடுகிறது. கடன், பிணைக் கையெழுத்து பற்றி யாராவது கேட்டபோதும் இதே கதைதான். பதில் எனக்கு அதே உபாகமத்தில் பத்து அதிகாரம் தள்ளிக் கிடைத்தது. 15ஆம் அதிகாரத்தில், ஏழாம் வருஷம் அடிமையை விடுதலை செய்து அனுப்பும்போது வெறுங்கையாய் அனுப்பாதே, ஆட்டிலும் களத்திலும் திராட்சை ஆலையிலும் இருந்து தாராளமாய்க் கொடு என்றிருக்கிறது. ஓய்வு கொடுக்கிறவன்தான் அதன் செலவையும் சுமக்கவேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். சம்பளத்தை 725 ஆக்கினோம். என் கணவர் ஒரு வாரம் முனகினார். பிறகு வெளியே காப்பி குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

போகலாமா என்று கேட்டால், போங்கள். தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளுக்குத் தனித் தாள் கிடையாது, அவர்களை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நேரமில்லாதவர்கள் நாலாவது வாரத்துக்கு மட்டுமாவது போகலாம், ஆனால் கட்டணத்தில் கழிவு கேட்டால் தரமாட்டார்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

முதல் முழு ஞாயிறன்று எட்டுப் பேர் விருந்துக்கு வந்திருந்தார்கள். அண்டாவை நானும் கணவரும் தேய்த்தோம். ராத்திரி ஏழரைக்குப் பணிப்பெண் தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) மல்லிகைச் சரத்தோடு திரும்பினார். செருப்பைக் கழற்றியதும் நேரே அடுப்படிக்குப் போய் அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“அடியில இன்னும் பிடிச்சிருக்கேக்கா.”

“திங்கக்கிழமை பாத்துக்கலாம், வெச்சிடு” என்றேன். அவர் மனசே இல்லாமல் வைத்தார்.