சிப்ஸ் கடை எண்ணெயில் பம்ப்செட்: பயோடீசலா, சூடாக்கிய எண்ணெயா?

விளையில் (தோட்டத்தில்) இலவச மின் இணைப்போடு மோட்டார் ஓடுகிறதென்றால் இந்த அலசல் உங்களுக்குத் தேவைப்படாது. இணைப்புக்குக் காத்திருப்பவர்கள், ஏலாவில் (வயல்வெளியில்) டீசல் எஞ்சின் வைத்து இறைப்பவர்கள், கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் சொந்தப் பவர் டில்லரில் உழுபவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. எங்கள் குமரி மாவட்டத்தில் நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரை நேந்திரங்காய் சிப்ஸ் போடாத ஊர் கிடையாது. பொரித்துக் கழித்த தேங்காய் எண்ணெயும் அங்கெல்லாம் உண்டு. அதை டீசலில் கலந்து ஊற்றலாம், மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து பயோடீசலாக மாற்றலாம், சூடாக்கி அப்படியே எரிக்கலாம். எங்கள் தண்ணீர்க் குளிர்விப்பு 5 குதிரைத்திறன் பம்ப்செட்டுக்கு மூன்றாவது வழிதான் சரிப்பட்டது.

புது எண்ணெய் கணக்கிலேயே வராது. 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 300 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் கடைகள், கழிவு எண்ணெய்க்குக் கணக்கு வைத்து அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே நமக்குக் கிடைப்பது சின்னக் கடைகளின் எண்ணெய்தான். எண்ணெயில் எரிசக்தி டீசலைவிடக் குறைவு, எஞ்சின் பத்து சதவீதம் கூடுதலாகக் குடிக்கும். கழுவித் தெளிய வைப்பதில் இன்னொரு பத்து, பதினைந்து சதவீதம் போகும். பராமரிப்பையும் சேர்த்தால், லிட்டருக்கு 60 ரூபாய்க்கு மேல் கேட்கும் கடையை விட்டுவிடலாம்.

கலந்து ஊற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டீசலோடு கால் பங்கு எண்ணெய் சேர்த்தால் எஞ்சின் ஓடும், வித்தியாசம்கூடத் தெரியாது. ஆனால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதும் எண்ணெய் உள்ளே போகிறது; எரிபொருளைத் தெளிக்கும் நாசிலில் கரி படிவது அப்போதுதான். மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் உறையும் வேளையில் ஃபில்டரும் அடைக்கும்.

பயோடீசல் நல்ல எரிபொருள், அதில் சந்தேகமே வேண்டாம். சரியாகச் செய்தால் டீசல் அளவுக்கே இளகி இருக்கும், எஞ்சினில் எதையும் மாற்ற வேண்டாம். வேலை எல்லாம் கொட்டகையில். முதலில் எண்ணெயின் அமில அளவைச் சோதிக்க வேண்டும்: ஈரம் போன எண்ணெயில் 1 மில்லி எடுத்து 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா போட்ட கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறங்காட்டியான ஃபீனால்ப்தலீன் இளஞ்சிவப்பாகி நிலைக்கும் வரை பார்க்க வேண்டும். எத்தனை மில்லி போனதோ அத்தனை கிராமை அடிப்படை 3.5 கிராமோடு கூட்டினால் லிட்டருக்கு வேண்டிய காஸ்டிக் சோடா. மெத்தனால் பொதுவாக லிட்டருக்கு 200 மில்லி என்று எழுதியிருப்பார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது போதாது. இதன் மூலக்கூறு சிறியது, ஒரு லிட்டரில் எண்ணிக்கை அதிகம், அதனால் 260 முதல் 280 மில்லி வேண்டும். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும் என்பதால் மூன்றையும் 55 டிகிரியில் மூடிய கலத்தில் ஒரு மணி நேரம் கலக்கி, இரவு முழுக்கத் தெளிய விட்டு, அடியில் இறங்கும் கிளிசரினை வடித்து, மேலே நிற்பதைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி உலர்த்த வேண்டும். செய்த பயோடீசலில் 3 மில்லியை 27 மில்லி மெத்தனாலில் விட்டுப் பார்த்தால் முழுக்கக் கரைய வேண்டும். அடியில் துளி நின்றால் மாறாத எண்ணெய் இருக்கிறது.

இடிக்கும் இடம் மெத்தனால். குடித்தால் கண் போகும், உயிரும் போகும். ஆவியும் தோலில் படுவதும் ஆபத்து. தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் இறந்த பிறகு, உரிமம் இல்லாமல் ஒரு கேன் வீட்டில் வைத்திருப்பதை யாருக்கும் சொல்லித் தர மாட்டேன். கழுவிய சோப்புத் தண்ணீர் இன்னொரு தலைவலி. நம் விளைகளில் கிணறு பக்கத்திலேயே கிடக்கிறது. காரமும் மெத்தனாலும் கலந்த நீரை எங்கே கொட்டுவது? பத்துப் பேர் சேர்ந்து உரிமத்தோடு ஓரிடத்தில் காய்ச்சினால் சரி. தனி ஆளுக்கு வேண்டாம்.

இனி சூடாக்கிய எண்ணெய். 40 டிகிரியில் தேங்காய் எண்ணெய் டீசலைவிடச் சுமார் ஒன்பது மடங்கு கெட்டி. எண்ணெயை 80 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே 40 டிகிரி டீசலைப்போல மூன்று மடங்குதான். எனவே டீசலுக்கு ஒரு சின்ன டாங்க், எண்ணெய்க்கு 20 லிட்டர் டாங்க், எண்ணெய்க்குள் சுருளாகக் குழாய், அதில் எஞ்சினை விட்டு வெளியேறும் சுடுதண்ணீர். சுருளுக்குச் செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம். செம்பும் பித்தளையும் பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுப் பிசினாகும். எவர்சில்வர் குழாய் போதும்.

மணிக்கு ஒரு லிட்டர்தான் இந்த எஞ்சின் குடிக்கும். இவ்வளவு மெதுவாக வரும் எண்ணெய் டாங்கில் 75 டிகிரி இருந்தாலும் எரிபொருள் பம்பை எட்டுவதற்குள் ஆறிவிடும். எண்ணெய்க் குழாயைச் சுடுதண்ணீர் ஓசோடு சேர்த்துக் கட்டி, மேலே கயிறோ சாக்கோ சுற்ற வேண்டும். டீசலுக்கும் எண்ணெய்க்கும் மாற்றிவிடும் மூவழி வால்வு ஃபில்டருக்குப் பின்னால், எரிபொருள் பம்பை ஒட்டி இருக்கட்டும். இரண்டு எரிபொருளுக்கும் தனித்தனி ஃபில்டர். வால்வை ஃபில்டருக்கு முன்னால் வைத்தால், நிறுத்தும்போது ஃபில்டரில் நிற்கும் எண்ணெய் முழுவதும் எரிந்து தீரும்வரை காத்திருக்க வேண்டும். நாசிலில் மிஞ்சிய எரிபொருள் திரும்பி வரும் ஓவர்ஃப்ளோ லைனை டீசல் டாங்குக்கு விடாமல், வால்வுக்கும் பம்புக்கும் நடுவே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் டீசல் டாங்கிலும் எண்ணெய் ஏறிவிடும்.

எந்த வழியில் போனாலும் சிப்ஸ் கடை எண்ணெயை முதலில் கழுவ வேண்டும். பொரியும்போது சட்டிக்குள்ளேயே மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். உப்பு எண்ணெயில் கரையாது, அடியில் நிற்கும் தண்ணீர்த் துளியில் நிற்கும். அந்தத் துளி எரிபொருள் பம்புக்குள் இருக்கும் எலிமென்டைத் துரு தின்ன வைக்கும். பத்துப் பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வெந்நீர் ஊற்றி, மெதுவாகக் கிளறி, தெளிய விட்டு அடியை வடியுங்கள். வேகமாக அடித்தால் மோர் மாதிரி கலங்கிப் பிரியவே பிரியாது. பிறகு சூடாக்கி ஈரம் போக்கி, 5 மைக்ரான் பை ஃபில்டரில் வடிகட்டலாம். காய்ந்த சட்டியில் ஒரு சொட்டு விட்டால் சடசடக்கக் கூடாது.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது பராமரிப்பு. எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சின் அடியில் உள்ள சம்புக்குள் இறங்கும். அங்கே எஞ்சின் ஆயிலோடு சேர்ந்து பிசினாகிறதா என்பதே கேள்வி. அதைக் காட்டுவது அயோடின் எண்: அது கூடக் கூட எண்ணெய் உலர்ந்து பிசினாகும். தேங்காய் எண்ணெய்க்கு 10 அல்லது அதற்கும் கீழே. பாமாயிலுக்கு ஐம்பதுகளில், சூரியகாந்திக்கு 120-க்கு மேல். நம் மாவட்டத்தில் சும்மா உதிர்கிற ரப்பர் விதையின் எண்ணெயும் 130-ஐ ஒட்டியது, அமிலமும் மிகுதி. இலவசமாகக் கிடைத்தாலும் எஞ்சினுக்கு நேரடியாக ஆகாது. பஜ்ஜிக் கடையின் கலவை எண்ணெயையும் அதே காரணத்துக்காக ஒதுக்குங்கள். இந்த வழியில் தேங்காய் எண்ணெய்க்கு நிகரில்லை. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் மின்நிலைய எஞ்சின்களிலேயே அதை எரித்திருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் எஞ்சின் குளிர்ந்து ஓடினால் எந்த எண்ணெயும் கெடுக்கும். கிணற்றுத் தண்ணீர் நேராகப் பாய்ந்து போகும் பம்ப்செட்டில் வெளிவரும் நீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். எஞ்சினுக்குத் தண்ணீர் விடும் பைபாஸ் வால்வை மெல்ல மூடி, வெளிவரும் நீர் 75 முதல் 80 டிகிரிக்கு வந்ததும் நிறுத்துங்கள். கொதிக்க விட்டுவிடக் கூடாது, தெர்மாமீட்டர் அவசியம். பாரமில்லாமல் ஓட விடாதீர்கள். டீசலில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம், நிறுத்துமுன் மறுபடி டீசலில் ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தை மறந்தால் மறுநாள் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் ரேக் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை வேறொருவர் நிறுத்துவதாக இருந்தால் வால்வு பக்கத்தில் பெயின்டில் எழுதி வையுங்கள். எஞ்சின் ஆயிலை வழக்கமான மணிக்கணக்கில் பாதியிலேயே மாற்ற வேண்டும். ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனால் எண்ணெய் கீழே இறங்குகிறது என்று அர்த்தம், காத்திருக்காமல் மாற்றுங்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் நாசிலைக் கழற்றித் தெளிப்பைச் சோதியுங்கள். பனிபோல வராமல் தாரையாக வந்தால் முனையில் கரி.

டில்லரைப் பொறுத்தவரை அனுபவம் குறைவு. வயலில் அரைமணி ஓடி, நின்று, மறுபடி ஓடும் வேலைக்கு இரண்டு டாங்க் ஒத்துவராது என்றே படுகிறது. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஓட்டத்தில் கால் மணி டீசலிலேயே போய்விடும். டில்லருக்கு டீசல், அல்லது நம்பிக்கையான இடத்தில் செய்த பயோடீசல். பயோடீசல் பழைய டாங்கின் கசடைக் கரைத்துக்கொண்டு வரும், முதல் இரண்டு நிரப்பலுக்குப் பிறகு ஃபில்டரை மாற்றுங்கள். சாதாரண ரப்பர் ஓசும் ஊறி இளகிவிடும். உயர் அழுத்தத்தில் எரிபொருள் தெளிக்கும் காமன் ரயில் எஞ்சின் உள்ள பிக்கப்பில் கழிவு எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம், அங்கே ஒரு இன்ஜெக்டர் போனாலே மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.