போட்டி பிஸ்டல் வாங்கப் போகிறீர்களா? எங்களுக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். மகள் கல்லூரி முதலாண்டு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத் துப்பாக்கியால் குறி சுடும் போட்டிக்குப் பழகுகிறாள். போன புரட்டாசியில் குறுவை நெல் விற்ற பணத்தில் 70,000 ரூபாயை எடுத்து, வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அவள் கைக்கென்றே அளவெடுத்துச் செய்த பிஸ்டல் வாங்கினேன். பழைய வெளிநாட்டு பிஸ்டலைப் பிரித்து, சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையை இழைத்து, புதுக் கைப்பிடி போட்டுத் தருவது அவர்கள் தொழில். "பத்து வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம் சார்" என்றார் உரிமையாளர். மாசியிலேயே போய்விட்டது.

அங்கே சுட்டுப் பார்த்தபோது விசை வெண்ணெயாக வழுக்கியது. அதில்தான் மயங்கினோம். விசைக்குள்ளே ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் இரண்டு சிறு எஃகுத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றின் மேல்தோல்தான் கெட்டியானது. வழுவழுப்புக்காக அரம் போட்டு அந்தத் தோலையே உரித்துவிட்டார்கள். தோய்ச்சல் போன அரிவாள் எத்தனை கதிருக்குத் தாங்கும்?

மகள் ஒரு நாளைக்கு 150 குண்டு, வாரத்தில் ஆறு நாள் சுடுவாள். ஐந்து மாதத்தில் ஏறக்குறைய 18,000. போட்டி விதிப்படி விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். போட்டிக்கு முன் எடைக்கல்லை விசையில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். மாசியில் ஒரு போட்டிக்குப் போனபோது, கல் தரையை விட்டு எழும்பும் முன்பே அவளுடைய விசை 'டக்' என்று விடுபட்டது. மறுபடியும் அதே. களத்தில் இறங்காமலேயே திரும்பினோம். பஸ்ஸில் தஞ்சாவூர் வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

அதற்கு முன்பே ஐப்பசி அடைமழையில் கைப்பிடி மரம் ஊதி, பிடி இறுகியிருந்தது. சரியாக உலர்த்தாத மரம். நம் ஊர் ஈரத்துக்கு வேறென்ன ஆகும்? அதையாவது உப்புத்தாள் போட்டுச் சரிசெய்தோம். பிஸ்டலின் காற்றுச் சிலிண்டர் விஷயத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதில் 200 பார் அழுத்தக் காற்று அடைக்கிறோம், லாரி டயரில் இருப்பதைப் போல் இருபது மடங்குக்கும் மேல். பொதுவாகப் பத்து ஆண்டுதான் அதற்கு ஆயுள்; தயாரித்த தேதி உடம்பிலேயே பொறித்திருக்கும். எங்களுடையதில் அந்த இடத்தைத் தேய்த்துக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். என் பிள்ளை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடிக்கிற பொருள் அது! வாங்குமுன் அந்தத் தேதியைக் கண்ணால் பாருங்கள். அழிந்திருந்தால் பேரமே பேச வேண்டாம். எடைக்கல்லையும் கையோடு கொண்டுபோங்கள். முந்நூறு குண்டு சுட்டபின் திரும்பத் தூக்கிப் பாருங்கள்.

பட்டறைக்குப் போனபோது கிடைத்த பதில்: "அதிகமாகச் சுட்டுவிட்டீர்கள்." ஒரு போட்டிக்கே 60 குண்டு சுட வேண்டும். பயிற்சிக்கு 150 அதிகமா? பணம் திரும்பவில்லை. ரசீதிலும் 'பழுதுபார்ப்புக் கூலி' என்றுதான் எழுதியிருந்தார்கள். அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை.

மகள் இப்போது பயிற்சி மையத்துப் பழைய பிஸ்டலில் சுடுகிறாள். தேய்ந்த அந்த இரண்டு துண்டுகளையும் கழற்றித் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்தால், பூதக்கண்ணாடியோடு காட்டுகிறேன்.